களத்தில் எடுத்த கண்மாய்த் தரவுக்கு மெட்டாடேட்டா எழுதுவது எப்படி?

கேள்வி: வைகை வடிநிலத்தில் ஐந்து பேர் சேர்ந்து கண்மாய்களைக் கைபேசியில் அளந்து வரைபடமாக்கி வருகிறோம். இதுவரை அறுபது கண்மாய் முடிந்திருக்கிறது. நிதி கொடுத்தவர்கள் தரவோடு மெட்டாடேட்டாவும் வேண்டும் என்கிறார்கள். ஐ.எஸ்.ஓ. படிவத்தைத் திறந்தால் நூற்றுக்கணக்கான கட்டங்கள். எங்கிருந்து தொடங்குவது? எவ்வளவு எழுதினால் போதும்?

பதில்:

மெட்டாடேட்டா என்றால் தரவைப் பற்றிய குறிப்பு: யார், எப்போது, எப்படி எடுத்தது என்பது. படிவத்தை இப்போதைக்கு மூடி வையுங்கள். கடைசியில் அதற்கு வருவோம். முதலில் ஒரு சின்னப் பரீட்சை. உங்களில் ஒருவர் நடந்து எடுத்த கண்மாயின் கோப்பை இன்னொருவரிடம் திறந்து காட்டி, இந்தக் கோடு என்ன என்று கேளுங்கள். கண்மாயின் எல்லை என்பார். எந்த எல்லை என்று அடுத்துக் கேளுங்கள். அங்கே பேச்சு நின்றுவிடும்.

ஒரு கண்மாய்க்குக் குறைந்தது மூன்று எல்லை உண்டு. வருவாய்த்துறைப் பதிவேட்டில் கண்மாய்ப் புறம்போக்கு என்று புல எண்ணோடு இருப்பது ஒன்று. கலுங்கு வழியும் அளவுக்குத் தண்ணீர் பெருகினால் எதுவரை நிற்குமோ அந்த முழு நீர்மட்ட எல்லை இன்னொன்று. நீங்கள் போன அன்றைக்குத் தண்ணீர் நின்ற விளிம்பு மூன்றாவது. மூன்றும் ஒன்றாக இருக்கிற கண்மாயை நான் இதுவரை பார்த்ததில்லை. உள்வாயில், அதாவது தண்ணீர் தேங்கும் உட்பகுதியில், வயல் புகுந்திருக்கும். சில இடங்களில் முழு நீர்மட்டம் பட்டா நிலத்துக்குள் போகும். ஆனி மாதத்தில் போனால் தண்ணீரின் எல்லை மடைக்கு முன்னால் ஒரு குட்டை அளவுதான் இருக்கும்.

கரைப் பக்கத்தில் சிக்கல் வேறு. கரையின் உச்சியில் நடந்தீர்களா, உள்சரிவின் அடியிலா, வெளிச்சரிவின் அடியிலா? பெரிய கண்மாயின் கரை அடிப்பக்கம் பதினைந்து மீட்டர் அகலம்கூட இருக்கும். கரை இரண்டு கிலோமீட்டர் நீளம் என்றால் அந்தப் பதினைந்து மீட்டர் வித்தியாசம் மூன்று ஹெக்டேர், அதாவது ஏழு ஏக்கருக்கு மேல். ஐந்து வருடம் கழித்து யாரோ ஒருவர் உங்கள் கோட்டின் மேல் தன் கோட்டைப் போட்டுப் பார்த்து, கண்மாய் ஏழு ஏக்கர் சுருங்கிவிட்டது, ஆக்கிரமிப்பு என்று அறிக்கை எழுதுவார். கண்மாய் அப்படியே இருக்கும். நீங்கள் வெளிச்சரிவின் அடியில் நடந்திருப்பீர்கள், அவர் உள்சரிவின் அடியில் நடந்திருப்பார்.

அதனால் நீங்கள் எழுத வேண்டிய முதல் வரி, எதை எல்லை என்று எடுத்துக்கொண்டோம் என்பதுதான். மாதிரிக்கு ஒன்று எழுதிக் காட்டுகிறேன்:

"கரைப் பக்கம், கரை உச்சியின் உள்விளிம்பில் நடந்து எடுத்தது. மற்ற பக்கங்களில், கண்மாய் நிரம்பும்போது தண்ணீர் எதுவரை ஏறும் என்று ஊர்க்காரர் காட்டிய இடத்தில் நடந்தது. மட்டக் கருவி வைத்துச் சரிபார்க்கவில்லை. வடமேற்கு மூலையில் சுமார் 200 மீட்டர் தூரம் சீமைக்கருவேலம் அடர்ந்து நடக்க முடியவில்லை; அந்தப் பகுதி செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வரைந்தது. புல எல்லைக் கற்களோடு ஒப்பிடவில்லை."

இதில் மிகவும் பயன்படப்போவது "சரிபார்க்கவில்லை", "ஒப்பிடவில்லை" என்ற இரண்டு சொற்கள். செய்ததை எழுத எல்லோருக்கும் கை வரும். செய்யாததை எழுதத்தான் கூச்சம். நான் ஒரு தரவைப் பயன்படுத்தலாமா என்று முடிவு செய்வது பெரும்பாலும் அந்தக் கூச்சத்தைத் தாண்டி எழுதிய வரிகளை வைத்துத்தான்.

நம் ஊருக்கு இது புதுப் பழக்கமும் இல்லை. ஓர் ஊரைத் தானமாகக் கொடுத்த சோழர் செப்பேடுகளில் பிடியை (பெண் யானையை) நடத்தி எல்லை சுற்றியது, கல்லும் கள்ளியும் நாட்டியது, நான்கு பக்கமும் எந்த வாய்க்கால் எந்த மேடு எல்லை என்பது, எழுதியவர் யார், கையெழுத்திட்டவர் யார் என்று ஏடு ஏடாக இருக்கும். நிலம் அளந்ததைச் சொல்லும் கல்வெட்டுகள் பதினாறு சாண் கோலா பன்னிரண்டு சாண் கோலா என்றும் சேர்த்துச் சொல்லும். கோலின் நீளத்தையே கோயில் சுவரில் வெட்டி வைத்த இடங்கள் உண்டு. பிறகு வருகிறவன் எந்தக் கோல் என்று கேட்பான் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

சரி, உங்கள் கோல் எது? இங்கே வைகைக்கென்றே ஒரு சங்கடம் இருக்கிறது. மீட்டரில் வேலை செய்ய, இடத்தை மீட்டர் எண்ணாகச் சொல்லும் யு.டி.எம். முறையைப் பயன்படுத்துவீர்கள். அதில் உலகம் ஆறு ஆறு பாகை அகல மண்டலங்களாக வெட்டப்பட்டிருக்கிறது. 78 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் 43-ஆம் மண்டலம் முடிந்து 44-ஆம் மண்டலம் தொடங்குகிறது. அந்தக் கோடு மதுரை மாவட்டத்தின் நடுவே போகிறது. தேனியும் உசிலம்பட்டியும் 43இல். மதுரை நகரமும் அதற்குக் கிழக்கே சிவகங்கை, ராமநாதபுரமும் 44இல். உசிலம்பட்டியில் கிழக்குத் தூரத்தைக் குறிக்கும் எண் எட்டு லட்சத்தைத் தாண்டும். மதுரையில் அது இரண்டு லட்சத்துக்குள் இருக்கும். மண்டலத்தைக் குறிக்காமல் எண்ணை மட்டும் கொடுத்தால், வாங்கியவர் எல்லாவற்றையும் 43 என்று நினைத்துத் திறப்பார். உங்கள் மதுரைக் கண்மாய் லட்சத்தீவுப் பக்கம் கடலில் மிதக்கும்.

நான் சொல்வது இது. சேமித்து வைப்பதை அட்சரேகை தீர்க்கரேகையாகவே, ஜி.பி.எஸ். பயன்படுத்தும் டபிள்யூ.ஜி.எஸ். 84 கணக்கில் வையுங்கள். எந்த முறை என்று மென்பொருளுக்குச் சொல்லும் ஈ.பி.எஸ்.ஜி. எண் இதற்கு 4326. பரப்பளவு கணக்கிடும்போது மட்டும் யு.டி.எம்.முக்கு மாற்றுங்கள், 43-ஆம் மண்டலத்துக்கு 32643, 44-ஆம் மண்டலத்துக்கு 32644. எந்தக் கண்மாயின் பரப்பை எந்த மண்டலத்தில் கணக்கிட்டீர்கள் என்று அட்டவணையில் அதற்கென ஒரு பத்தி (column) வைத்து எழுதிவிடுங்கள்.

கடலில் மிதக்கும் பிழையைப் பற்றிக்கூட எனக்குக் கவலை இல்லை. அதைப் பார்த்த உடனே தெரிந்துவிடும். 200 மீட்டர் பிழைதான் ஆபத்தானது. 1802 ஏப்ரலில் ஆங்கிலேய நில அளவையாளர் வில்லியம் லாம்ப்டன் சென்னைப் பரங்கிமலைப் பக்கம் அடிப்படைக் கோடு ஒன்றை அளந்து தொடங்கிய பெரிய முக்கோண அளவைதான் பழைய டோபோஷீட்டுகளுக்கெல்லாம் (நில அளவைத் துறையின் வரைபடத் தாள்கள்) அடிப்படை. பூமியின் உருவத்துக்கு அந்த வரைபடங்கள் எடுத்துக்கொண்ட கணக்கு எவரெஸ்ட் 1830. ஜி.பி.எஸ். எடுத்துக்கொள்வது டபிள்யூ.ஜி.எஸ். 84. ஒரே அட்சரேகை தீர்க்கரேகை எண்ணை இரண்டிலும் வைத்துப் பார்த்தால் நம் பக்கத்தில் ஏறத்தாழ 200 மீட்டர் தள்ளிப்போகும். 200 மீட்டர் என்றால் கண்மாய் பக்கத்து வயலில் உட்கார்ந்திருக்கும். பார்க்கிறவர் அதைப் பிழை என்று நினைக்க மாட்டார். பழைய வரைபடத்தில் அப்படி இருந்திருக்கிறது, இப்போது இடம் மாறியிருக்கிறது என்று கதை கட்டிவிடுவார். இந்திய நில அளவைத் துறை 2005ஆம் ஆண்டுக் கொள்கைக்குப் பிறகு பொதுமக்களுக்கு வெளியிடும் தாள்கள் டபிள்யூ.ஜி.எஸ். 84இல்தான் வருகின்றன. ஆகவே "டோபோஷீட்டிலிருந்து எடுத்தது" என்று மொட்டையாக எழுதக் கூடாது. தாளின் எண் (மதுரை நகரம் பழைய முறையில் 58 கே வரிசையில் வரும்), பதிப்பான ஆண்டு, எந்த அடிப்படை (எவரெஸ்டா, டபிள்யூ.ஜி.எஸ். 84ஆ) என்ற மூன்றும் வேண்டும்.

லாம்ப்டனைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் அளந்தது 100 அடி எஃகுச் சங்கிலியால். வெயிலில் எஃகு நீளும். அதனால் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, வெப்பமானி வைத்து, ஒவ்வொரு முறையும் வெப்பத்தைக் குறித்துக்கொண்டே போனார். பிற்பாடு நீளத்தைத் திருத்த முடிந்தது அந்தக் குறிப்பு இருந்ததால்தான். நம் கையில் இருக்கிற கைபேசி அந்த வேலையில் பாதியைத் தானே செய்கிறது. நாம் செய்கிற தப்பு, அது குறித்துத் தருவதைத் தூக்கி எறிவது.

ஓ.டி.கே. போன்ற களத்தரவு சேகரிக்கும் செயலியில் ஒரு புள்ளி எடுத்தால் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், துல்லியம் என்று நான்கு எண் வரும். பலர் எக்செல்லில் அழகு பார்க்கும்போது கடைசி இரண்டு பத்தியையும் நீக்கிவிடுகிறார்கள். துல்லியத்தை நீக்கவே நீக்காதீர்கள். அது என்ன என்றும் எழுதி வையுங்கள். ஆண்ட்ராய்டில் "5 மீட்டர்" என்று வந்தால், உண்மையான இடம் அந்த 5 மீட்டர் வட்டத்துக்குள் இருக்க வாய்ப்பு 68 சதவீதம் என்று பொருள். மூன்றில் ஒன்று வெளியே இருக்கலாம். கருவேல மரத்தடியில் நின்று எடுத்தால் இன்னும் மோசம். தசம இலக்கங்களும் ஏமாற்றும். அட்சரேகையில் ஐந்தாவது தசம இடம் ஏறத்தாழ ஒரு மீட்டர். செயலி பத்து இலக்கம் காட்டுகிறது என்பதற்காக நீங்கள் மயிரிழை அளவுக்கு அளந்துவிட்டதாக ஆகாது. பழைய ஜி.பி.எஸ். தரவு யாராவது கொடுத்தால் எடுத்த தேதியைக் கேளுங்கள். 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கம் வரை அமெரிக்கா பொதுமக்களுக்கான சமிக்ஞையை வேண்டுமென்றே குலைத்து வைத்திருந்தது. அதற்கு முந்தைய புள்ளி 100 மீட்டர் வரை தப்பலாம்.

உயரத்தில் வேறொரு வேடிக்கை. ஆண்ட்ராய்டு தருவது கடல் மட்டத்திலிருந்து உயரம் அல்ல. பூமிக்குக் கணக்கில் வைத்திருக்கும் முட்டை வடிவத்தின் மேற்பரப்பிலிருந்து உயரம். நம் பகுதியில் கடல் மட்டம் அந்த மேற்பரப்புக்கு ஏறத்தாழ 90 மீட்டர் கீழே கிடக்கிறது. அதனால் ராமநாதபுரம் கடற்கரையில் நின்று எடுத்தால் மைனஸ் 90ஐ ஒட்டி ஏதோ வரும். கையடக்க ஜி.பி.எஸ். கருவிகள் இதைத் திருத்திக் கடல் மட்டக் கணக்கில் காட்டும். எனக்குத் தெரிந்த ஒரு குழு மைனஸைப் பார்த்துப் பயந்து, ஏதோ பிழை என்று அந்தக் குறியை மட்டும் மொத்தமாக நீக்கிவிட்டது. கடலோரக் கண்மாய்கள் எல்லாம் எண்பது தொண்ணூறு மீட்டர் உயரத்துக்கு ஏறிக்கொண்டன. எந்தக் கருவி, எந்த மட்டத்திலிருந்து என்று ஒரு வரி எழுதினால் போதும். எப்படியும் கைபேசி உயரத்தை வைத்துக் கண்மாயின் கொள்ளளவு கணக்கிட முடியாது. அதையும் எழுதிவிடுங்கள், இல்லையென்றால் யாராவது கணக்கிட்டுவிடுவார்கள்.

இனிக் களவேலையைப் பதிவு செய்வது. நிதி கொடுத்தவர்கள் படிவத்தில் கேட்காவிட்டாலும் நான் கேட்பேன். முதல் நாளே ஐந்து பேரும் ஒரே கண்மாயைத் தனித்தனியாகச் சுற்றி நடந்திருக்க வேண்டும். ஐந்து பரப்பளவு வரும். அவை ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகுகின்றன என்பதுதான் உங்கள் தரவின் உண்மையான துல்லியம். கைபேசி சொல்வதைவிட அது நம்பத் தகுந்தது, ஏனென்றால் ஆளுக்கு ஆள் எல்லையைப் புரிந்துகொண்ட விதமும் அதற்குள் வந்துவிடுகிறது. இதுவரை செய்யவில்லை என்றால் அறுபத்தொன்றாவது கண்மாயில் செய்யுங்கள். ஒரு காலைப்பொழுது போகும், அவ்வளவுதான்.

கேள்விப் படிவம் நடுவில் மாறியிருக்கும். மாறாத படிவத்தை நான் கண்டதில்லை. முதல் இருபது கண்மாய்க்கு "மடை நல்ல நிலையில் உள்ளதா" என்று ஆம், இல்லை கேட்டிருப்பீர்கள். அப்புறம் அது போதாது என்று "கதவு பழுது", "மணல் மூடியது", "உடைந்தது" என்று பிரித்திருப்பீர்கள். தவறில்லை. ஆனால் எந்தத் தேதியிலிருந்து எந்தப் படிவம் என்று தெரிய வேண்டும். ஓ.டி.கே. படிவத்தின் அமைப்புத் தாளில் பதிப்பு எண்ணுக்கென்றே ஓர் இடம் இருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் அதை மாற்றுங்கள், பழைய படிவக் கோப்புகளை அழிக்காமல் வையுங்கள். படிவம் திறந்த நேரம், முடித்த நேரம், கருவியின் அடையாளம் ஆகியவற்றைத் தானாகப் பதியும் வரிகளையும் சேர்த்துவிடுங்கள். யாருக்கும் கூடுதல் வேலை இல்லை. ஒரு கண்மாய்ப் படிவம் மூன்று நிமிடத்தில் முடிந்திருந்தால் அது எங்கே உட்கார்ந்து நிரப்பப்பட்டது என்பதும் தெரிந்துவிடும்!

கருவி பதியாதவற்றுக்குக் குறிப்பேடு. இரவுச் சாப்பாட்டுக்கு முன் பத்து வரி என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்ட பிறகு யாரும் எழுத மாட்டார்கள். யார் யார் போனோம், எந்தக் கண்மாய், மழை பெய்து எத்தனை நாள் ஆகிறது, எங்கே போக முடியவில்லை, ஏன். கண்மாயின் பெயரையும் வரத்துக்கால்களையும் சொன்னது யார் என்பதையும் ஆளின் பெயர் இல்லாமல் குறிக்கலாம்: "நீர்ப்பாய்ச்சி", "கரையோர நிலத்துக்காரர்", "ஊராட்சி அலுவலகத்தில் இருந்தவர்". நிலத்துக்காரர் சொன்ன எல்லையும் நீர்ப்பாய்ச்சி சொன்ன எல்லையும் ஒன்றாக இருக்காது என்பது உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். மழைக் குறிப்பு ஏன் என்றால், வடகிழக்குப் பருவமழைக்கு முன் புரட்டாசியில் எடுத்த நீர்ப்பரப்பையும் மார்கழியில் எடுத்ததையும் ஒரே வரைபடத்தில் ஒரே நீலத்தில் போட்டுவிட்டால் அதற்குப் பொருளே இல்லை.

புகைப்படத்தில் பெரும்பாலோர் இழக்கும் விஷயம் ஒன்று. எடுத்த நேரமும் இடமும் படக் கோப்புக்குள்ளேயே இருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது உரிந்துவிடும், படமும் சுருங்கிவிடும். களத்திலிருந்து குழுவில் பகிர்ந்த படத்தை வைத்தே ஆவணம் தயாரிப்பவர்கள் கடைசியில் நூறு மடைப் படத்தை வைத்துக்கொண்டு எது எந்த ஊர் என்று முழிப்பார்கள். மூலக் கோப்பைக் கம்பி வழியாக எடுங்கள், அல்லது வாட்ஸ்அப்பிலேயே ஆவணமாக அனுப்புங்கள். படத்தின் பெயரில் கண்மாயின் அடையாள எண் இருக்கட்டும்.

அடையாள எண் என்றதும் பெயர்ப் பிரச்சினைக்கு வருகிறேன். நம் பக்கத்தில் ஊருக்கு ஊர் ஒரு பெரிய கண்மாய், ஒரு சின்னக் கண்மாய். பெயர் அடையாளம் ஆகாது. நீங்களே ஓர் எண் கொடுங்கள், கொடுத்த பிறகு மாற்றாதீர்கள். வருவாய்க் கிராமமா, ஊராட்சியா என்று தெளிவாக எழுதுங்கள், இரண்டும் வேறு. மத்திய அரசின் உள்ளாட்சி அடைவில் ஒவ்வொரு கிராமத்துக்கும் எண் உண்டு, எல்.ஜி.டி. குறியீடு என்பார்கள். அதைச் சேர்த்துவிட்டால் பெயரை யார் எப்படி எழுதினாலும் இணைக்கலாம். மாவட்டப் பெயரோடு ஆண்டும் வேண்டும். 2019இல் திருநெல்வேலியிலிருந்து தென்காசி பிரிந்த பிறகு, அங்கே பழைய தரவில் "திருநெல்வேலி மாவட்டம்" என்றால் எதுவரை என்று ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. உங்களுக்கும் மதுரை, தேனி பழைய பட்டியல்களில் இதே கதை வரும். புல எண்ணும் அப்படித்தான்: மறு அளவைக்குப் பிறகு மாறியிருக்கும். பத்திரத்தில் பழைய எண், புதிய எண் என்று இரண்டையும் எழுதுவதைப் போல நீங்களும் எது என்று குறியுங்கள். கண்மாய் யார் பொறுப்பில் என்று எழுதும்போது, நூறு ஏக்கர் ஆயக்கட்டுக்கு (பாசன நிலத்துக்கு) மேல் என்றால் நீர்வளத்துறை, கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம் என்ற பொது விதியை வைத்து நீங்களாக முடிவு செய்தீர்களா, பதிவேட்டில் பார்த்தீர்களா என்பதும் தெரியட்டும்.

அடுத்தது குறியீடுகள். சில வருடம் முன்பு எனக்கு ஒரு வட்டில் பழைய கண்மாய்த் தரவு வந்தது. ஒரு பத்திக்கு "நிலை" என்பதன் ஆங்கிலச் சுருக்கம் தலைப்பு. அதில் 1, 2, 3, 9. விளக்கம் எங்கும் இல்லை. வேலை செய்தவர்கள் எல்லாம் கலைந்து போயிருந்தார்கள். 1 நல்லது, 3 மோசம் என்று ஊகிக்கலாம், 9? படு மோசம் என்று நினைத்து ஒருவர் சராசரிகூடப் போட்டிருந்தார். இரண்டு வாரம் தேடி, அதில் வேலை செய்த ஒருவரைக் கண்டுபிடித்துக் கேட்டால், "9ன்னா அங்க போகலை சார்" என்றார். போகாத கண்மாய்களெல்லாம் சேர்ந்து அந்த வட்டாரத்தின் சராசரியைக் கெடுத்து வைத்திருந்தன. குறியீட்டு அகராதி என்பது ஒரு தாள்தான்: பத்தியின் பெயர், அதன் பொருள், அலகு, வரக்கூடிய மதிப்புகள், ஒவ்வொன்றுக்கும் விளக்கம். மடை எண்ணிக்கை 0 என்றால் மடையே இல்லை என்று பொருள்; வெற்றிடம் என்றால் எண்ணவில்லை என்று பொருள். இந்த இரண்டையும் கலக்கவே கூடாது.

நீங்கள் ஷேப்ஃபைல் என்ற வரைபடக் கோப்பு வடிவில் வைத்திருந்தால் தமிழுக்கென்று தனித் தொல்லை. அதில் பத்தியின் பெயர் பத்து பைட்டுக்கு மேல் போகாது. யுனிகோடின் யு.டி.எஃப்.-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட். அதாவது "கண்" என்பதோடு இடம் தீர்ந்துவிடும். "கண்மாய்" என்று எழுத முடியாது. உள்ளே எழுதும் உரையும் 254 பைட்டில் வெட்டுப்படும். தமிழ் எழுத்தை எந்தக் குறியேற்றத்தில் படிக்க வேண்டும் என்பது தனிக் கோப்பாக இருக்கும், ஆயத்தொலை முறை இன்னொரு கோப்பில் இருக்கும். ஒரு ஷேப்ஃபைல் என்பது இப்படிப் பல கோப்புகளின் தொகுப்பு; மின்னஞ்சலில் அனுப்பும்போது யாராவது அதில் ஒன்றிரண்டை விட்டுவிடுவார்கள். பழைய பட்டியல்கள் யுனிகோடு அல்லாத வானவில், பாமினி எழுத்துருவில் இருந்தால், யுனிகோடுக்கு மாற்றியபோது எந்த மாற்றியைப் பயன்படுத்தினீர்கள் என்றும் எழுதுங்கள். மாற்றத்தில் ஊர்ப்பெயர் கெட்டுப்போவது சகஜம். முடிந்தால் ஜியோபேக்கேஜுக்கு மாறிவிடுங்கள். ஒரே கோப்பு, நீளமான தமிழ்ப் பெயர்களைத் தாங்கும், மெட்டாடேட்டாவையும் அதற்குள்ளேயே வைக்கலாம்.

களத்திலிருந்து திரும்பிய பிறகு மேசையில் செய்ததும் வரலாறுதான். வளைந்து நெளிந்த கோட்டை நேராக்கினீர்களா, இரண்டு நாள் நடந்ததை ஒட்டினீர்களா, எந்தத் தேதிச் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துத் திருத்தினீர்கள்? சென்டினல்-2 படம் என்றால் அதன் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர், அதற்குமேல் துல்லியம் அந்தத் திருத்தத்தில் இருக்க முடியாது. கூகுள் எர்த் என்றால் திரையில் தெரியும் படத்தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். நாளைக்கு அங்கே வேறு படம் இருக்கும். களத்தில் வந்தபடியே இருக்கும் கோப்புகளை ஒரு ஃபோல்டரில் போட்டுப் பூட்டிவிடுங்கள். திருத்தமெல்லாம் நகலில்தான். கோப்பின் பெயரில் தேதி ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் இருந்தால் தானாக அடுக்கிக்கொள்ளும். "இறுதி", "இறுதி புதியது", "இதுதான் இறுதி" என்று நானும் வைத்தவன்தான்.

இப்போது அந்தப் படிவம். அதற்கு அடிப்படையான தரநிலை ஐ.எஸ்.ஓ. 19115 முதலில் 2003இல் வந்தது, 2014இல் திருத்தப்பட்டது. அதில் நானூறுக்கும் மேற்பட்ட கூறுகள் இருப்பது உண்மை. கட்டாயம் என்று வருவது விரல் விட்டு எண்ணுகிற அளவுதான்: தலைப்பு, தேதி, சுருக்கம், மொழி, பொருள் வகை, எந்தப் பரப்பு, தொடர்புக்கு யார் என்ற மாதிரி. இதை நிரப்ப அரை மணி போதும். க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் உங்கள் தரவு அடுக்கின் (layer) பண்புகளைத் திறந்தால் மெட்டாடேட்டா என்று ஒரு பக்கம் இருக்கும், அங்கேயே நிரப்பலாம். நான் இதுவரை சொன்னதெல்லாம் எங்கே போகும் என்றால், தரவு எப்படி உருவானது என்ற வரலாற்றுப் பகுதிக்கும் தரம் பற்றிய பகுதிக்கும். பெரும்பாலான படிவங்களில் நான் பார்ப்பது, கட்டாயக் கட்டங்கள் பளபளவென்று நிரம்பியிருக்கும், இந்த இரண்டும் காலியாகவோ "ஜி.பி.எஸ். மூலம் எடுக்கப்பட்டது" என்ற ஒற்றை வரியாகவோ இருக்கும். நீங்கள் தலைகீழாகச் செய்யுங்கள். தமிழில் எழுதலாமா என்று கேட்பீர்கள். தாராளமாக. மொழிக்கென்று ஒரு கட்டம் இருப்பது அதற்குத்தான். வெளியூர்க்காரருக்குத் தேவையென்றால் சுருக்கத்தை மட்டும் ஆங்கிலத்திலும் கொடுங்கள்.

உரிமையும் மறைப்பும் பற்றிச் சுருக்கமாக. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த இணைய வரைபடத்திலிருந்து ஏதாவது எடுத்துச் சேர்த்திருந்தால் அதன் ஓ.டி.பி.எல். உரிமம் உங்கள் தரவையும் தொடரும், அதைச் சொல்லியாக வேண்டும். விவசாயிகளின் பெயர், தொலைபேசி எண், யார் ஆக்கிரமித்திருக்கிறார் என்று ஊர்க்காரர் சொன்னது, இவை பொதுக் கோப்புக்குள் வரவே கூடாது. ஆக்கிரமிப்புக் குறிப்பு ஒன்று வெளியே போய் ஊருக்குள் அடிதடி வந்தால் உங்கள் குழு அடுத்த கண்மாய்க்குள் கால் வைக்க முடியாது. எதை நீக்கினோம், யாரிடம் கேட்டால் கிடைக்கும் என்று மட்டும் எழுதுங்கள்.

கடைசியாக, முடிந்துபோன அந்த அறுபது. இந்த ஞாயிற்றுக்கிழமையே ஐந்து பேரும் உட்கார்ந்து, ஒவ்வொரு கண்மாயாகத் திரையில் திறந்து, நடந்தவர் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதட்டும். பக்கத்தில் அன்றைய படங்களை வைத்துக்கொண்டால் நினைவு வரும். அப்படி எழுதியவற்றின் தலையில் "பின்னர் நினைவிலிருந்து எழுதியது" என்று தேதியோடு போடுங்கள். நினைவில்லாத இடத்தில் "தெரியாது" என்றே எழுதுங்கள், அழகாக ஊகித்து நிரப்பாதீர்கள். கரையின் எந்தப் பக்கம் நடந்தோம் என்பதே தெரியாத கண்மாய்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். பத்துக்குள் என்றால் திரும்ப நடந்துவிடலாம். அதற்கு மேல் என்றால் பெரிய கண்மாய்களை மட்டும் திரும்ப நடங்கள், மற்றவற்றின் பரப்பளவுப் பத்திக்குப் பக்கத்தில் "கரை அகலம் சேர்ந்ததா என்பது தெரியாது" என்று ஒரு பத்தி சேர்த்து அப்படியே கொடுத்துவிடுங்கள்.